கம்பிக்கு வெளியே ஒரு நாற்காலி

லெயோகாதியாவின் ஊரில் குளிருகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வடக்கே மலை குளிர்காலம் முழுக்க வெள்ளையாக நிற்கும். கீழே கடற்கரையில் ஜனவரி மாதத்திலும் ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் சீட்டாடுவார்கள். கரும்பு பச்சையாக நிற்கும். சீத்தா மரங்களில் பழம் தொங்கும். எந்த வீட்டுக்கும் புகைபோக்கி கிடையாது. மாலையானால் வட்ட மேசைக்கு அடியில் கணப்புச் சட்டியை வைத்து, தரைவரை தொங்கும் கனத்த மேசைத்துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் உட்காருவார்கள் என்பது உண்மைதான். கேட்டால், கடலின் ஈரத்துக்காக என்பார்கள்.

அந்தத் துணிக்குள் யார் கால் நீட்டலாம் என்பதில் அவளுடைய அப்பா தோன் அந்தெல்மோ கறாராக இருந்தார். விருந்தாளிக்குக் கூடத்தில் நாற்காலி உண்டு, ஒரு கிண்ணம் மதுவும் உண்டு. பாதிரியாருக்கும் அதே மரியாதைதான். மேசைத்துணி குடும்பத்துக்கு மட்டும்.

பெண்ணை விரும்பி வருகிறவனுக்குச் சன்னல். முழங்கால் உயரத்தில் தொடங்கி ஆள் உயரம் போகும் இரும்புக் கம்பிச் சன்னல். அவன் தெருவில் நிற்க வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பேசலாம். வீட்டின் தலைவர் ஒரு நாள் வாசலுக்கு வந்து, "உள்ளே வாருங்கள்" என்று சொல்லும்வரை அவன் படி மிதிக்கக் கூடாது. ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். சிலருக்கு ஒரு கோடையில் அந்த வார்த்தை கிடைத்துவிடும். லெயோகாதியாவை விரும்பி வந்த லிசார்தோவுக்குக் கிடைக்கவில்லை.

அவன் மலைக்காரன். சர்க்கரை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வந்தவன். முறைப்படி அவனுடைய தந்தை கோவேறு கழுதையில் மலையிறங்கி, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, பெண் கேட்டு வந்தார். தோன் அந்தெல்மோ அவரை வாசலில் நிறுத்தியே பேசினார். நாற்காலி போடச் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். தோன் அந்தெல்மோ யோசித்துக்கொண்டே இருந்து, அவரும் இறந்துபோனார்.

துக்கத்துக்குப் போட்ட கறுப்பை லெயோகாதியா பிறகு கழற்றவே இல்லை. லிசார்தோவும் சன்னலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்த வாசலில் அந்த வீட்டு வார்த்தை வராமல் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று ஒரே ஒரு முறை சொன்னான். அவள் அதை மதித்தாள். வார்த்தை சொல்ல வீட்டில் ஆண் யாரும் இல்லை. எதிர்வீட்டில் வாழும் தங்கை எங்கிராசியாவின் கணவன், வேண்டுமானால் நான் வந்து சொல்லிவிட்டுப் போகிறேனே என்று ஒரு திருவிழா நாளில் முன்வந்தான். லெயோகாதியா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்டு வார்த்தைய எங்க வீடு சொல்லும்" என்று முடித்துவிட்டாள். அவனே கல்யாணத்தால் அந்தக் குடும்பத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தவன். அப்படியே ஆண்டுகள் போயின. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு தலை நரைத்தது, அந்தப் பக்கம் ஒரு தலை.

பிப்ரவரியின் தொடக்கத்தில் ஒரு பிற்பகல். மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த கறுப்புச் சால்வையை எடுக்கப் போனவள், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக விழுந்து கிடப்பதைக் கண்டு கடிந்துகொண்டாள். கரும்புத் தோகை எரிக்கும் காலத்தில் ஆலைச் சாம்பல் இப்படித்தான் ஊரெல்லாம் விழும். கையால் தட்டினாள். கை நனைந்தது.

"அக்கா!" எதிர்மாடியிலிருந்து எங்கிராசியா கூவினாள். "சாம்பல்னு தட்டிக்கிட்டு நிக்கிறியா? நானும் இப்பதான் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வந்தேன். பனி, அக்கா! பனி!"

"உளறாத. பனிக்கு மலை இருக்கு."

"மலை இன்னிக்கு நம்மூருக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கு போல. நீயாவது ஒரு நாற்காலி போடு!"

அவளுக்கு எப்போதும் நாக்கு நீளம். லெயோகாதியா சால்வையை உதறி மடித்தாள். ஆனால் கீழே இறங்கியும் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

பொழுது சாய்வதற்குள் தெரு வெளுத்துவிட்டது. சீட்டாடுகிறவர்கள் வெயிலில்லாத சுவரோரம் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழம் கருகாமலிருக்கச் சீத்தா மரங்களுக்குக் கீழே ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். யாருக்கும் கோட்டு இல்லை, போர்வையோடு நடமாடினார்கள். அப்போதும், குளிருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

லிசார்தோ வழக்கத்தைவிட முன்னதாக வந்தான். கையில் துணிப்பை இருந்தது. தோளில் பனி.

"கரும்பு போச்சு," என்றான். "குருத்து வரைக்கும் கருகிடும். இந்த வருஷம் ஆலை ஓடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அடுத்த வருஷம் ஓடுமில்ல?"

"அடுத்த வருஷம் வரைக்கும் என்ன சாப்பிடறது? மேல அண்ணன் எண்ணெய்ச் செக்கு வச்சிருக்கான். ஆள் வேணும்னு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டிருக்கான்." அவன் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "காலைல பஸ்."

லெயோகாதியா கம்பியருகே இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எப்ப வருவீங்க?"

"எதுக்கு வரணும் சொல்லு? இங்க எனக்குன்னு இருந்தது ஒரு கொதிகலனும் இந்தச் சன்னலும்தான். கொதிகலன் அணைஞ்சிடுச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது. மலையில் பிறந்தவன்தான்; ஆனால் இந்த ஊர் வெயில் அவன் உடம்பைக் கெடுத்து வைத்திருந்தது.

"உங்களுக்குக் குளிருது," என்றாள் அவள்.

லிசார்தோ அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்து அவன் கேட்டதே இல்லை.

அவள் எழுந்தாள். வட்ட மேசையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அப்பா காலத்து மேசை, கனம். அது இருந்த இடத்தை விட்டு அசைந்து அவள் பார்த்ததில்லை. தரையில் அதன் கால்கள் கிறீச்சிட, சன்னலோடு ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள். கணப்புச் சட்டியைத் தூக்கி வந்து அடியில் வைத்து, கரண்டியால் சாம்பலை விலக்கினாள். கனல் கண் திறந்தது. வாசனைக்கு ஒரு பிடி லாவெண்டர் பூவைத் தூவினாள். பிறகு மேசைத்துணியின் ஓரத்தைக் கம்பிகளுக்கு நடுவே வெளியே தள்ளினாள்.

"மடிமேல போட்டுக்குங்க."

"நின்னுக்கிட்டா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். அவளுக்கு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கிழவர் நினைவுக்கு வந்தார். கூடத்துக்குப் போனாள். அப்பாவின் கைவைத்த நாற்காலி சுவரோரம் இருந்தது. அவர் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை; வாரம் ஒருமுறை துடைப்பதோடு சரி. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பெரிய கதவைத் திறந்து, தெருவில் இறங்கினாள். பனி அவள் செருப்புக்குள் புகுந்தது. எதிர்மாடியில் எங்கிராசியா நின்றிருந்தாள். சுவரோரம் சீட்டாடுகிறவர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தாள். நாற்காலியைச் சன்னலுக்கு எதிரே வைத்து, இருக்கையில் விழுந்த பனியைச் சால்வையால் துடைத்தாள்.

"உங்க அப்பாவுக்குப் போட்டிருக்க வேண்டியது," என்றாள். "உக்காருங்க."

லிசார்தோ உடனே உட்காரவில்லை. நாற்காலியின் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

எங்கிராசியாவால் பொறுக்க முடியவில்லை. "அத்தான்! பாதிக் கால் உள்ள வந்தாச்சு! மீதிக்கு இன்னொரு பனி பெய்யணுமா?"

சுவரோரம் யாரோ சிரித்தார்கள். லெயோகாதியாவும் சிரித்துவிட்டாள். வெகுநாளாயிற்று.

உள்ளே வந்து தன் இடத்தில் அமர்ந்தாள். துணியின் இந்த ஓரம் அவள் மடியில், அந்த ஓரம் அவன் மடியில். நடுவில் கம்பி. அடியில் ஒரே சூடு. இத்தனை ஆண்டில் அவனுடைய முழங்கால் சூடாகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த முதல் மாலை அது. கனல் மங்கும்போதெல்லாம் அவள் குனிந்து கிளறினாள். அவனுடைய தலையில் பனி விழுந்து கரைந்து, நெற்றி வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அப்பா நின்று பேசிய அதே படியில் நின்றாள். இந்த வீட்டுக்கு வரி கட்டுவது யார், கூரை ஒழுகினால் ஆள் கூப்பிடுவது யார், அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசுவது யார்? வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை என்று எப்படி இத்தனை நாள் நினைத்திருந்தாள்?

"லிசார்தோ," என்றாள், தெரு கேட்கும்படி. "உள்ள வாங்க."

அவன் எழுந்து வந்தான். படிக்கு முன்னால் நின்றான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது, பனியாகவும் இருக்கலாம்.

"இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றான். "ஆனா இப்ப நான் தனியா உள்ள வந்தா, எங்க அப்பா வாசலோட திரும்பிப் போனவராவே இருந்துடுவாரு. அண்ணனக் கூட்டிக்கிட்டு வரேன். முறைப்படி கேக்கறோம். நாற்காலி போட்டு வை."

அவளுக்கு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும் போலிருந்தது. படிக்கு மேலே அவள், கீழே அவன். கை எட்டும் தூரம்தான். ஆனால் அவன் இடத்தில் இருந்தால் அவள் வீடும் இதே முறையைத்தான் கேட்டிருக்கும்.

"ரெண்டு நாற்காலி போடறேன்," என்றாள்.

காலையில் பஸ் போயிற்று. வெயில் வந்தது. நண்பகலுக்குள் கூரைகள் சொட்டி முடித்தன. தெருவில் பனி இருந்த அடையாளமே இல்லை. சீட்டாடுகிறவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தார்கள். கரும்பு மட்டும் வயல்களில் பழுப்பாகச் சாய்ந்து கிடந்தது. அன்று மாலையே மலைப்பாதை பனியில் மூடிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அங்கே போன பஸ் திரும்பவில்லை. வழி திறக்க எத்தனை நாளாகும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

லெயோகாதியா மேசையைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தவில்லை. மாலைதோறும் கணப்பை மூட்டி வாசலருகே இரண்டு நாற்காலிகளைப் போட்டாள்.

"அக்கா, வெயில் இப்படி அடிக்குது. இன்னும் எதுக்குக் கணப்பு?" என்று எங்கிராசியா மாடியிலிருந்து கேட்டாள்.

"குளிருது," என்றாள் லெயோகாதியா.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறி வடக்கே பார்த்தாள். அவன் போகும்வரை மலையின் வெள்ளை அவளுக்கு ஒரு காட்சி, அவ்வளவுதான். இப்போது அதன் அடிவாரத்தில், ஆலிவ் தோப்புகள் தொடங்குமிடத்தில், பனி உருகி ஏதாவது ஒரு திட்டுக் கறுப்பு தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. மலை அடிவரை வெள்ளையாக இருந்தது.