எங்க உறுத்துது?

பின்னங்கால் குட்டையான அந்த மர நாற்காலியைக் குளியலறைக்குள் ஒளித்துவிட, அவள் மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். கதவு நிலை இடம் கொடுக்கவில்லை. நாலு ராத்திரி தூங்காத தூக்கம் கண்ணுக்குப் பின்னால் கல்லாகக் கிடந்தது.

கூடத்தில், தாமே வடிவமைத்த நீள மேசைமேல், வெள்ளைத் துணிக்குள் அவள் கணவர் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் பதினோரு நாற்காலிகள் உண்டு. அத்தனையும் சுவருக்குள் மடங்கியிருந்தன. எதை அழுத்தினால் எது இறங்கும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேசைமேல்; இன்னொருத்தி குளியலறை வாசலில்.

பக்கத்து வீட்டுக்காரர் குத்துமதிப்பாக எதையோ அழுத்த, புத்தக அலமாரி எழுதுமேசையாக விரிந்து அவர் வயிற்றில் முட்டியது.

"இந்த வீட்ல உக்கார்றதுக்கே தனியா படிச்சுட்டு வரணும் போலிருக்கு."

"சும்மா நில்லுங்க, சாவு வீட்ல வந்து," என்றாள் அவர் மனைவி.

"அண்ணி, அது என்ன?"

கணவரின் தொழில் கூட்டாளி. இருபது வருஷம் பட்டறையில் அவருக்கு எதிர்மேசை. அவள் வாய் திறப்பதற்குள் நாற்காலியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கடையில் வாங்கிய சமையலறை நாற்காலி. பின்னங்கால் இரண்டிலும் இரண்டு அங்குலம் அறுத்திருந்தது. முதுகுச்சட்டத்துக்கு மேலே, பிடரி சாய ஒரு பலகைத் துண்டு, பழைய போர்வை சுற்றித் திருகாணியால் முடுக்கியிருந்தது.

"கடைசி வரைக்கும் அண்ணன் கை சும்மா இருக்கல பாருங்க. அடுத்த வாரம் நம்ம நாற்காலிக் கண்காட்சி வாசல்ல இதத்தான் வைக்கப் போறேன். அவரோட கடைசி நாற்காலி. இப்பவே வண்டியில ஏத்திடறேன் அண்ணி. விட்டா யாராவது விறகுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

சும்மா இருந்தால் நாற்காலி போய்விடும். உள்ளதைச் சொன்னால், ஊருக்கெல்லாம் இருக்கை செய்தவர் தமக்கென்று ஒன்று இல்லாமல் போனார் என்பது வெளியே வரும். சொல்லவும் அலுப்பாக இருந்தது; சொல்லாமல் இருக்கவும் அலுப்பாக இருந்தது.

முப்பது வருஷமாகப் புது நாற்காலி எது செய்தாலும் முதலில் அவளைத்தான் உட்கார வைப்பார். முன்னால் குத்துக்காலிட்டு, "எங்க உறுத்துது?" என்பார். தொடை என்றால் தொடை, இடுப்பு என்றால் இடுப்பு. கால் அங்குலம், அரைக்கால் அங்குலமாக இழைப்பார். எங்கேயும் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அது பட்டறைப் படி இறங்கும். "பொண்டாட்டிய உக்கார வெச்சே பொழைக்கிறவன் நான் ஒருத்தன்தான்," என்று சிரிப்பார். அவர் மட்டும் எப்போதும் பட்டறையில் ஒரு சாமான் பெட்டிமேல்தான் உட்காருவார்.

முதுகெலும்பில் நோய் கண்டபின் பதினொன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றிலும் பத்து நிமிஷம் தாளவில்லை. "நான் செஞ்சதே என்னைச் சேத்துக்க மாட்டேங்குது," என்றார். அன்றைக்குத்தான் அவள் அளவுநாடாவையும் ரம்பத்தையும் எடுத்தாள். அறுத்தாள், உட்கார வைத்தாள், கேட்டாள். மறுபடி அறுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவரிடமிருந்து பதில் வரவில்லை. தூங்கியிருந்தார்.

கூட்டாளி இப்போது அதில் உட்கார்ந்து பார்த்தார். நெளிந்தார்.

"பிடரியில இடிக்குதே அண்ணி."

"இடிக்கும் தம்பி. அது உங்க அளவு இல்ல."

அவர் எழுந்து குனிந்து, அறுத்த இடத்தை விரலால் தடவினார். வெட்டு கோணியிருந்தது. ஒரு இடத்தில் ரம்பம் வழுக்கி, வேறு தடம் பிடித்து ஓடியிருந்தது. விரல் அங்கேயே நின்றது.

"நான் அறுத்தது," என்றாள் அவள்.

"அப்ப நம்ம நாற்காலி எதுலயும் அண்ணனால..."

"எல்லாம் என் அளவுதானே."

அவர் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"உங்க பேரப் போட்டே வைக்கிறேன் அண்ணி."

"வேண்டாம். இது வீட்ல இருக்கட்டும்."

அவர் தலையசைத்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

வெளியே சவ வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெட்டி ரெண்டு அளவுல கொண்டாந்திருக்கேன். ஐயா என்ன உயரம்?"

"ஆறடி இருக்கும்," என்றார் கணவரின் தம்பி.

"இருக்கும்னா சரிப்படாதுங்க."

யாருக்கும் தெரியவில்லை. அவள் கூடத்துக்கு வந்தாள்.

"ஆறடி ஒண்ணேகால் அங்குலம். தோள் பதினெட்டு. முழங்கால் மடிப்புலேர்ந்து தரை வரைக்கும் பதினெட்டரை."

வண்டிக்காரர் பேனாவை உள்ளங்கைக்கு மேலே பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"உக்கார்ற அளவு வேண்டாம்மா," என்றார் மெதுவாக.

முதல் அளவை மட்டும் எழுதிக்கொண்டு வண்டிக்குப் போனார்.