சின்னவளின் டப்பாக்கள்

முதல் நாள் அக்கா தங்கை இருவரும் சேர்ந்துதான் போனார்கள். விளம்பரத்தைப் பார்த்தது சின்னவள். முகச் சுருக்கத்துக்குப் புது கிரீம், ஆராய்ச்சிக்கு ஆள் தேவை, முப்பத்தைந்து வயதுக்கு மேல். துணைக்கு வா என்றாள். பெரியவள் மறுத்தாள்.

"உன் நெத்தியில மூணு கோடு இருக்குக்கா. துணி காயப்போடலாம்."

பெரியவள் போனாள்.

சோதனை மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. சன்னல் இல்லாத அறை. முகவாயை வைக்க ஒரு தாங்கி, நெற்றியை ஒட்டவைக்க ஒரு பட்டை, சுற்றிலும் வெள்ளை விளக்கு. எதிரே கேமரா. கேமராவுக்குக் கீழே சின்னத் திரை. உட்காருகிறவர் அதில் தன் முகத்தைப் பார்க்கலாம்.

படம் எடுப்பவள் இளவயதுக்காரி. ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்தாள். வெள்ளை மூடி முகத்தின் இடது பாதிக்கு, நீல மூடி வலது பாதிக்கு. ஒன்றில் பெப்டைடு உண்டு, மற்றதில் இல்லை. எது எதில் என்று தனக்கும் தெரியாது என்றாள்.

"பெப்டைடுன்னா என்ன மேடம்?" என்று சின்னவள் கேட்டாள்.

"புரதத்தோட சின்னத் துண்டு. சிரி, முறைன்னு நரம்பு தசைக்குச் சேதி அனுப்பும்ல, அந்தச் சேதியைக் கொஞ்சம் குறைக்கும். சுருக்கத்துக்குப் போடுற ஊசி மாதிரி முழுசா நிறுத்தாது. குறைக்கும்னு நினைக்கிறோம். அதைத்தான் பாக்கப்போறோம்."

"எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே தடவியிருக்கார் போல. நான் அனுப்புற எந்தச் சேதியும் போய்ச் சேர்றதே இல்ல."

பெரியவள் அப்போது தாங்கியில் முகவாயை வைத்திருந்தாள். சிரித்துவிட்டாள். கேமரா அதை எடுத்துக்கொண்டது.

"இதுதான் உங்க முழுச் சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் இதே அளவு சிரிக்கணும். இல்லன்னா கோட்டோட ஆழத்தை ஒப்பிட முடியாது" என்றாள் படம் எடுப்பவள்.

அடுத்த முறை வரும்போது இந்தப் படம் திரையில் மங்கலாகத் தெரியும். அதன் மேல் அன்றைய முகம் விழும். பழைய சிரிப்பின் மீது புதுச் சிரிப்பு சரியாக உட்கார்ந்தால் பச்சை விளக்கு எரியும்.

சின்னவள் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். அவள் முகம் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. தாங்கியில் முகவாயை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தச் சிரிப்பு வேணும்? பேரண்ட்ஸ் மீட்டிங் சிரிப்பா, சம்பள நாள் சிரிப்பா?"

"பெரிய சிரிப்பு."

"அப்ப சம்பள நாள்."

கிளம்பும்போது படம் எடுப்பவள் ஒன்று சொன்னாள். டப்பாவை மறக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். எடை போடுவார்கள். தேய்க்காமலே தேய்த்தேன் என்கிறவர்கள் உண்டு.

அடுத்த வாரம் சின்னவள் செத்துப்போனாள். கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பெரியவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். யாருக்கு எந்தப் பேருந்து என்று சொல்லி அனுப்பினாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து முகம் கழுவி, இடது பக்கம் வெள்ளை மூடி, வலது பக்கம் நீல மூடி என்று தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

வேலைக்குத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடை. ஃப்ரேமை எடுத்துக் கொடுத்து, முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்வது அவள் வேலை. ஒரு பெரியவர் ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். கழற்றினார். இன்னொன்றைப் போட்டார்.

"ஏம்மா, இது எனக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"வாய் சொல்லுது. மூஞ்சி சொல்லலையே."

கல்லாவில் இருந்த சிநேகிதி அவரைச் சமாளித்து அனுப்பினாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"உன் மூஞ்சியப் பாத்தே ஆளுங்க ஓடுறாங்கடி. ஆனா ஒண்ணு, நெத்தி வழுவழுன்னு ஆயிடுச்சு. நிஜமாவே வேலை செய்யுதா அந்தக் கிரீம்? எனக்கும் கொஞ்சம் கொடேன்."

"தெரியல."

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்க. இந்த நேரத்துல சொல்லக்கூடாது. ஆனா இருக்க."

இரண்டாவது படத்துக்கு முந்தின நாள் மையத்திலிருந்து போன் வந்தது.

"உங்க தங்கச்சி போனே எடுக்கலங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடுவீங்கல்ல?"

"அவ வெளியூர் போயிருக்கா" என்றாள் பெரியவள். "டப்பாவை நான் கொண்டுவரேன்."

வாய் தானாகச் சொன்னது. போனை வைத்த பிறகும் அவளுக்கு அது பொய் மாதிரித் தோன்றவில்லை.

மாலையில் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை கணவன் கதவைத் திறந்தான். சவரம் செய்யவில்லை. சோபாவில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது.

"வாங்க அண்ணி. சாப்டீங்களா?"

"ஆச்சு தம்பி. அவ கிரீம் டப்பா ரெண்டு இருக்கும். மையத்துல திருப்பிக் கேக்கிறாங்க."

"குளியலறையில இருக்கும். அந்த அலமாரியை நான் இன்னும் தொடல."

போய் எடுத்தாள். சீப்பில் முடி இருந்தது. சீப்பை அப்படியே விட்டாள். வெளியே வந்தபோது அவன் சோபாவில் உட்கார்ந்து, ஒரு துப்பட்டாவை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான்.

"அது வேலை செய்யுதான்னு அவ தினமும் என்னைக் கேப்பா அண்ணி. நான் நிமிந்து பாக்காமலே செய்யுதுன்னு சொல்வேன்."

பெரியவள் டப்பாக்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் திறந்து பார்த்தாள். இரண்டிலும் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. வெள்ளை மூடி டப்பாவில் விரல் வழித்த தடம். தன் டப்பாவைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தாள். கரண்டியால் கொஞ்சம் வழித்துக் கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மறுபடி பார்த்தாள். இன்னும் கொஞ்சம். விரல் தடம் போய்விட்டது. அளவு சரியாக வந்தது.

மையத்தில் எடை போட்டார்கள். "உங்க தங்கச்சி ரொம்ப ஒழுங்கு" என்றாள் படம் எடுப்பவள். சின்னவளை யாரும் ஒழுங்கு என்று சொன்னதில்லை. புது டப்பாக்கள் நான்கு கொடுத்தாள். இரண்டு பெரியவளுக்கு, இரண்டு சின்னவளுக்கு.

சும்மா இருக்கும் முகத்தைப் படம் எடுத்தபோது நெற்றிக் கோடுகள் குறைந்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருந்தன.

"ஒரு பக்கம்தானே குறையணும். மாத்தி மாத்தித் தேய்ச்சிடலையே?"

"இல்ல."

"சரி, சிரிங்க."

திரையில் அவளுடைய பழைய சிரிப்பு வந்தது. மங்கலாக, அகலமாக. அதன் மேல் இப்போதைய முகம். பெரியவள் வாயை இழுத்தாள். பழைய வாயின் ஓரம் தூரத்தில் இருந்தது. விளக்கு எரியவில்லை.

"இன்னும். இன்னும் கொஞ்சம். இன்னிக்கு மனசு சரியில்லையா? பரவாயில்ல. ஆனா கடைசிப் படத்துல விடமாட்டேன். உங்க தங்கச்சியும் அன்னிக்கு நேர்ல வந்தே ஆகணும். வரலன்னா ஆராய்ச்சியில அவங்க நம்பரை மூடிடுவோம்."

"வருவா" என்றாள்.

அதன் பிறகு காலையில் பல் துலக்கிவிட்டுத் தன் முகத்தில் தேய்ப்பாள். பிறகு சின்னவளின் டப்பாக்களைத் திறந்து அதே அளவு எடுத்துத் தொட்டியில் விடுவாள். அவள் கணவர் ஒருநாள் பார்த்துவிட்டார். துண்டோடு வாசலிலேயே நின்றார். குளிக்காமலே திரும்பிப் போய்விட்டார். எல்லா இடத்திலும் சின்னவள் செத்துப்போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில், கடையில், தெருவில், வீட்டில். அந்த ஓர் அறையில் மட்டும் வெளியூர் போயிருந்தாள். பெரியவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கடைசி நாளை எப்படித் தாண்டுவது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

கடைசி நாள் வந்தது. நான்கு டப்பாக்களோடு போனாள்.

"தங்கச்சி எங்க?"

"பின்னாடி வரா."

"சரி, உங்களுதை முதல்ல முடிச்சிடலாம்."

தாங்கியில் முகவாயை வைத்தாள். நெற்றியைப் பட்டையில் ஒட்டினாள். விளக்கு எரிந்தது. படம் எடுப்பவள் எதையோ தட்டினாள். திரையில் பழைய சிரிப்பு வந்தது.

அது சின்னவள்.

இருவர் நம்பரும் அடுத்தடுத்து இருந்தன. மாற்றித் தட்டியதைப் படம் எடுப்பவள் கவனிக்கவில்லை. அவள் கண் பச்சை விளக்கில் இருந்தது. "ம், சிரிங்க" என்றாள்.

பெரியவள் பார்த்தாள். சின்னவளின் கண்ணுக்குள் தன் கண் இருந்தது. மூக்கு கொஞ்சம் தள்ளியிருந்தது. நகர்ந்து சரிசெய்தாள். சின்னவள் சிரித்தால் இடது பக்கம்தான் முதலில் ஏறும். பிறகு ஒரு கண் சுருங்கும். வலது பக்கம் வந்து சேர நேரம் ஆகும். சின்ன வயதில் பெரியவள் அதைச் செய்து காட்டி அவளை அழவைத்திருக்கிறாள். இப்போது செய்தாள். இடது பக்கத்தை ஏற்றினாள். கண்ணைச் சுருக்கினாள். வலது பக்கம் வந்து சேர்ந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. கேமரா எடுத்துக்கொண்டது.

"அடேயப்பா! இவ்வளவு சரியா யாருக்கும் பொருந்தினதே இல்ல" என்றாள் படம் எடுப்பவள். திரைக்குக் குனிந்தாள். "ஐயோ. நம்பர் மாறிப்போச்சு. இது உங்க தங்கச்சியோடது." சிரித்தாள். "பேசாம இதையே அவங்க படம்னு போட்டுடலாம் போல."

"போட்டுடுங்க."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேங்க."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

படம் எடுப்பவள் அவளைப் பார்த்தாள். பெரியவள் முகவாயைத் தாங்கியிலிருந்து எடுக்கவில்லை.

"அவங்க எப்ப வருவாங்க?"

"வரமாட்டா."

"ஏன்? கிரீம் ஒத்துக்கலையா? அரிப்பு, தடிப்பு ஏதாவது?"

"இல்ல. செத்துட்டா."

விளக்கின் இரைச்சல் கேட்டது. அது இரையும் என்பதே அதுவரை தெரியாது.

"எப்ப?"

"முதல் படம் எடுத்த அடுத்த வாரம்."

"அப்ப டப்பா?"

"நான்தான் எடுத்து எடுத்துத் தொட்டியில விட்டேன்."

"நீங்க தேய்ச்சுக்கலையே? இதை நான் கேட்டே ஆகணும்."

"இல்ல. அவளுது."

படம் எடுப்பவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இப்ப எடுத்ததை அழிக்கணுங்க" என்றாள். "அவங்க நம்பர்ல உங்க முகம் இருக்கக் கூடாது."

"அவளோடது?"

"அது இருக்கும். அதை நாங்க அழிக்க மாட்டோம். நம்பரை மட்டும் மூடிடுவேன்."

"சரி."

"மூடட்டுமா?"

பெரியவள் திரையைப் பார்த்தாள். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு முகமும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"மூடுங்க."

மேல் முகம் போயிற்று. பிறகு அடி முகம் போயிற்று. திரை சாம்பல் நிறமானது. பிறகு அங்கே பெரியவளின் பழைய சிரிப்பு வந்து நின்றது. யாரோ பக்கத்தில் நின்று சிரிக்க வைத்த முகம்.

"சிரிக்கணுமா?"

"வேணாம். சும்மா இருக்கிற முகத்தை மட்டும் எடுத்துக்கிறேன்."

"சிரிக்காட்டி கணக்குல சேராதுன்னு சொன்னீங்களே."

"சேராதுங்க."

கேமரா ஒருமுறை மின்னியது. அவ்வளவுதான். நான்கு டப்பாக்களையும் மேசையில் வைத்தாள். படம் எடுப்பவள் இரண்டைத் தராசில் வைத்தாள். மற்ற இரண்டை எடை போடாமல் ஓரமாக நகர்த்தினாள்.

வெளியே நடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதிதாகச் சேர வந்தவள். கைப்பைக் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் நிமிர்ந்தாள்.

"அக்கா, உள்ள என்ன பண்ணுவாங்க? வலிக்குமா?"

"வலிக்காது. சிரிக்கச் சொல்வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் படி இறங்கினாள்.