முப்பத்துநாலு மார்க்

“ஒரு மார்க்கு! ஒரே ஒரு மார்க்கு போட இன்னாம்மா உனுக்கு அவ்ளோ பேஜாரு? உங்கப்பன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?”

ரத்தினபாய் போட்ட சத்தத்தில், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நின்ற பஸ்ஸிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கண்டக்டர்கூட விசில் ஊத மறந்தார்.

“சம்பந்தியம்மா, உள்ள வந்து உக்காந்து பேசுவோமே,” என்று கெஞ்சினார் பூவராகன்.

“இன்னா சம்பந்தி? தட்டே இன்னும் மாத்தல! எம்புள்ள சரக்க ஃபெயிலாக்கிட்டு, எங்க வூட்லயே வெளக்கேத்த வரப்போறாளா உன் பொண்ணு?”

அந்தப் பொண்ணு நாகலக்ஷ்மி, கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையை மறைத்தாற்போல் நின்றாள். எதிர்ச்சாரியில் பூ கட்டிக்கொண்டிருந்த அங்காளம்மா, கண் இங்கேயும் கை அங்கேயுமாக இருந்ததில், அன்று விற்ற முழத்திலெல்லாம் மல்லிக்கு நடுவே ஒரே காம்பாக இருந்ததாம்.

விஷயம் இதுதான். டெலிபோன்ஸ் வேலையை விட்டு வந்த பூவராகன், இரண்டு கலர் டிவியையும் நாலு ஜாய்ஸ்டிக்கையும் வைத்து வீடியோ கேம் கடை போட்டார். தொண்ணூத்திநாலில் அது பெரிய அதிசயம். சேலையூர், மேடவாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ சைக்கிளில் வருவார்கள். கேசட்டைப் போட்டால் படம் வராது. கழற்றி, வாயை வைத்து ஊதிப் போட்டால் வரும். அது எந்த விஞ்ஞானமோ, எல்லோரும் ஊதினார்கள். கடையில் எப்போதும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் எவனாவது ஒருவன் தோற்றுப்போன அலறலும் இருக்கும்.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிளறிக்கொண்டிருந்த நாகலக்ஷ்மி, மத்தியான நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தாள். சும்மா உட்காருவானேன் என்று ஆடினாள். பழைய பேப்பர்க் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகையில், புது கேமுக்கெல்லாம் விமர்சனம் எழுதிப் பத்துக்கு இத்தனை என்று போட்டிருந்ததைப் பார்த்தாள். அதே மாதிரி வாசலில் போர்டு வைத்தால் என்ன என்று தோன்றியது.

“பத்துக்கு ஏழுன்னா நம்ம ஆளுங்களுக்கு என்னம்மா புரியும்? நூத்துக்குப் போடு,” என்றார் பூவராகன்.

நூற்றுக்குப் போட்டாள். படத்துக்கு இருபத்தஞ்சு, சத்தத்துக்கு இருபத்தஞ்சு, ஆட்டத்துக்கு இருபத்தஞ்சு. கடைசி இருபத்தஞ்சு, ‘மறுபடி தேடி வரத் தோணுமா?’ என்ற கேள்விக்கு. நூற்றுக்கு என்று வந்துவிட்டால் நம் ஊரில் முப்பத்தஞ்சுதானே பாஸ்? அதை அவள் எழுதவேயில்லை, ஊரே எழுதிக்கொண்டது. போர்டில் முப்பத்தஞ்சை எட்டாத கேசட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கடைக்காரனும் தொடமாட்டான் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

அந்தக் கடைகளுக்கெல்லாம் பர்மா பஜாரிலிருந்து கேசட் கொண்டுவந்து போடுகிறவன்தான் முடிச்சூர் குப்புராஜ், ரத்தினபாயின் ஒரே மகன். எம்-எய்ட்டி மொபெட்டின் பின்னால் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவான். “எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்பான். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நிற்பான். அப்படி நிற்பதுதான் நாகலக்ஷ்மிக்குப் பிடித்துப்போனது. அதற்கு முன்னால் பார்க்க வந்த வரன்களெல்லாம் பாடச் சொல்லிவிட்டு, பல்லவியிலேயே வாட்சைப் பார்த்தவர்கள். கேசரியைத் தின்றுவிட்டு, போட்ட மார்க்கைச் சொல்லாமலே எழுந்து போனவர்கள்.

பேச்சு ஆரம்பித்து, ஜாதகம் பொருந்தி, வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவது என்று முடிவான நேரத்தில்தான் அந்தக் கேசட் வந்தது. மேலே நெருப்புக் கக்கும் டிராகன் படம். ‘அறுபத்துநாலு கேம்’ என்று கொட்டை எழுத்து. கல்யாணச் செலவுக்கு ஆகுமே என்று குப்புராஜ் ஒரு பெட்டி நிறைய எடுத்துவிட்டான். நாகலக்ஷ்மி இரண்டு நாள் ஆடினாள். மூன்றாம் நாள் போர்டில் மார்க் விழுந்தது. படம் 9, சத்தம் 6, ஆட்டம் 8, தேடி வரத் தோணுமா 11.

பத்தோ பதினைந்தோ போட்டிருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். முப்பத்துநாலு என்றால் என்ன அர்த்தம்? வேண்டுமென்றே வாசற்படியில் நிறுத்திக் கதவைச் சாத்துவது! ஒரு மார்க்கில் ஃபெயிலான பையன்கள் இல்லாத வீடு உண்டா இந்தப் பக்கத்தில்?

“ஞாயித்துக்கெழம வர்றேன்,” என்றாள் ரத்தினபாய், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு. “என் கண்ணெதிரவே போட்டுக் காட்டுங்க. அப்பவும் முப்பத்தஞ்சு வரலன்னா, வெள்ளிக்கெழம தட்டும் கெடயாது, தாம்பாளமும் கெடயாது. சொல்லிட்டேன்!”

அவள் போனதும் பூவராகன் மகள் பக்கத்தில் வந்து நின்றார். “நாகு, கவர்மெண்டே கிரேஸ் மார்க் போடுதும்மா.”

“ஏற்கெனவே போட்டாச்சுப்பா,” என்றாள் அவள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்குள் போய் ஃபேனைப் பெரிதாக வைத்துக்கொண்டார்.

நாலை அஞ்சாக்குவது ஒரு வேலையா? சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவளும் இரண்டு தடவை போர்டுவரை போனாள், அங்காளம்மா பார்த்திருக்கிறாள். இந்த இடமும் தட்டிப்போனால் மறுபடி கேசரி, மறுபடி பல்லவி. அதைவிட, எம்-எய்ட்டி சத்தம் இனி வாசலில் கேட்காது. ஆனால் நாளைக்கே ஒருவன் அந்த அஞ்சை நம்பி ஆடிவிட்டு, “அக்கா, வூட்டுக்காரர் சரக்குன்னு போட்டுட்டீங்களா?” என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு தடவையும் நாலைத் தொடாமலே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. ரீவேல்யுவேஷன் என்று செய்தி பரவி, கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். அங்காளம்மா பூக்கூடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ரத்தினபாய்க்கு நாற்காலி. குப்புராஜ் யாரையும் பார்க்காமல் கேசட்டை ஊதிப் போட்டு, ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். அத்தனை நாள் கேசட் விற்றானே தவிர, எதையும் அவன் ஆடிப் பார்த்ததில்லை.

முதல் ஆட்டத்தில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் சுவர் சுவராகத் தாண்டிக் குதித்தான். ரத்தினபாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அட, இன்னாமா துள்றான் பாரு! இதுக்கா மார்க்கு இல்லன்ற?”

அடுத்தது கார். அப்புறம் ஏரோப்ளேன். எட்டாவதாகப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து சுவர் தாண்டினான். ரத்தினபாய் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

“டேய், நிறுத்து! இவன் முந்தி வந்தவன்தான?”

“இல்லம்மா, இது வேற கேமு. பேரே வேற,” என்றான் குப்புராஜ், அரை மனதாக.

“பேரு வேறயா? மூஞ்சி அதே மூஞ்சிடா! சட்டைய மாத்திகினு வந்துகீறான், எங்கிட்டயே வுடுறியா?” காரும் வந்தது, பெயிண்ட் மாறி. ஏரோப்ளேனும் வந்தது. ரத்தினபாய் எழுந்தே விட்டாள். “ஏழே ஏழுதான்டா கீது! அதையே திருப்பித் திருப்பி வுட்டுகினு கீறான் திருட்டுப் பய!”

சொன்ன பிறகுதான், தான் எந்தக் கட்சிக்கு வந்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. கடையே கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கியது.

குப்புராஜ் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் போர்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, “ஏங்க,” என்றான். “எல்லாத்துலயும் பத்துக்குள்ள போட்டிருக்கீங்க. தேடி வரத் தோணுமான்றதுக்கு மட்டும் எப்படிங்க பதினொண்ணு?”

நாகலக்ஷ்மி தாவணி முனையைத் திருகினாள். “கேமுக்கு அஞ்சுதான்.”

“அப்ப மிச்சம்?”

பதிலுக்குப் பதிலாக அவள் காதுமடல் சிவந்ததை ஊரே பார்த்தது. அங்காளம்மாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தினபாய் மெதுவாகக் கணக்குப் போட்டு முடித்து, இடுப்பில் கையை வைத்தாள். “ஏம்மா, எம்புள்ளைக்கு வெறும் ஆறு மார்க்குதானா?”

கடை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே குப்புராஜ், பதினொன்றை உள்ளங்கையால் அழித்துவிட்டு அஞ்சு என்று எழுதினான். கீழே மொத்தம் இருபத்தெட்டு. தன் சரக்குக்குத் தானே ஃபெயில் போட்ட வியாபாரியை அந்த ஜங்ஷன் அன்றைக்குத்தான் பார்த்தது. “அந்த ஆறு என்கிட்டயே இருக்கட்டுங்க,” என்றானாம். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவன் நினைப்பு.

வெள்ளிக்கிழமை தட்டு மாறியது. வைகாசியில் கல்யாணம். விற்காத கேசட்டையெல்லாம் என்ன செய்வது? மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒன்றாகப் போட்டுத் தாம்பூலமாகக் கொடுத்துவிட்டார்கள். டிவியே இல்லாத வீட்டுப் பரணில்கூட அந்த டிராகன் நெருப்புக் கக்கிக்கொண்டு ரொம்ப நாள் கிடந்தது.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கியதும் பூவராகன் கடையை மூடிவிட்டு எஸ்.டி.டி. பூத் வைத்தார். அந்தக் கரும்பலகையை அங்காளம்மா கேட்டு வாங்கிக்கொண்டு, கல்யாணமான மகளோடு பள்ளிக்கரணைக்குக் குடிபோனாள். முழம் என்ன விலை என்று அதில்தான் எழுதினாள்.

முடிச்சூர் வீட்டில் மருமகள் வைத்த சாம்பாருக்கு ரத்தினபாய் தினம் மார்க் போட்டாள். என்றைக்கும் முப்பத்துநாலுதான். கெஞ்சினாலும் மிஞ்சினாலும் அஞ்சு கிடையாது. பிறகு குப்புராஜுக்கு ஓசூரில் டிவி ரிப்பேர்க் கடை அமைந்து, பெண்டாட்டியோடு கிளம்பினான். “நான் எங்க வூட்ட வுட்டு அசையமாட்டேன்,” என்று ரத்தினபாய் தனியாக முடிச்சூரிலேயே நின்றுகொண்டாள். ஒரு மாதம் ஆவதற்குள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ்ஸைத் தேடினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், “இங்க ஓட்டல் சாம்பார் இருபத்தெட்டுக்கு மேல தேறல,” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாளாம்.