வெளித் தாழ்ப்பாள்

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். ஏதோ கோவத்துல ஒரு ரூம்ல விட்டுக் கதவச் சாத்திட்டான். என்ன, கழுத்தயா அறுத்துட்டான்?" என்று சொல்லிவிட்டு மாமியார் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

அது மருமகளின் பிறந்த வீட்டுக் கூடம். அவளுடைய அப்பா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அம்மா விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். புருஷன் மட்டும் புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல், பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். பக்கத்தில் அண்ணி.

மாமியார் சொன்ன அந்த அறை, அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பழைய சாக்கும் உடைந்த நாற்காலியும் போட்டு வைக்கிற இடம். சாப்பாட்டில் உப்புக் கூடினால் அங்கே. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அங்கே. உள்ளிருந்து அவள் கத்தும்போதெல்லாம் மாமியார் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். கடைசி முறை அவளை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு மூன்று பேருமாக வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். போன் எடுக்கவில்லையே என்று தற்செயலாகப் பார்க்க வந்த அண்ணிதான் கதவைச் சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டாள். எலி என்று நினைத்தாளாம். பூட்டை உடைத்துத் திறந்தபோது அவள் விரல்களில் நகம் இல்லை.

அதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நகம் வளர்ந்துவிட்டது. மற்றது எதுவும் ஆறவில்லை. குளிக்கப் போனால் இன்றைக்கும் கதவைச் சாத்த முடியாது. அண்ணி வெளியே நின்று ஏதாவது வம்பு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்சாதன அறையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது, அரை நாள் தாங்கவில்லை. பெட்ரோல் பங்க் வேலைக்குப் போனாள். அங்கே நாலு பக்கமும் சுவர் கிடையாது. "படிச்ச பொண்ணு வண்டிக்கு எண்ணெய் ஊத்துது" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்காரர்களுக்கு அவள் பங்க் அக்கா ஆகிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வழி சொல்லித் தந்திருந்தாள். பழசு வந்து தொண்டையைப் பிடிக்கும்போது காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, கண்ணுக்குத் தெரிவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிவப்பு வாளி, மணல், ரப்பர்க் குழாய் என்று பங்கில் அவள் முணுமுணுப்பதைப் பார்த்து, அக்கா ஜெபம் பண்ணுது என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த வைத்தியம் ஓரளவுக்குக் கேட்டது. டாக்டரம்மாவிடம் சொல்லாத மருந்து ஒன்றும் அவளிடம் இருந்தது. படுக்கும்போது அந்த அறைக்குள் புருஷனை நிறுத்திப் பார்ப்பாள். அவன் கதவைத் தட்டுவான். அவள் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்போதுதான் தூக்கம் வரும்.

விவாகரத்து என்ற பேச்சை மட்டும் அப்பா எடுக்கவிடவில்லை. "வாழாவெட்டின்னு பேர் வாங்கினாலும் பரவால்ல, அத்து விட்டதுன்னு பேர் வேணாம்" என்றார். இன்றைக்குச் சமாதானம் பேச அவர்களை வரவழைத்ததும் அவர்தான்.

"என்னம்மா சொல்ற? எல்லாரும் உன் வாயத்தான் பாத்துட்டு இருக்கோம்" என்றார் மாமனார்.

"வர்றேன் மாமா."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணி மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சாமான் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளுக்கு இவள் எண்ணெய் விட்டதை அண்ணி பார்த்திருந்தாள்.

"என் பெட்டி சாமான் ரூம் பரண்ல இருக்கு. எனக்கு எட்டல. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்றாள் புருஷனிடம்.

"எல்லாம் தானா வழிக்கு வரும்னு சொன்னேன்ல?" என்று அவன் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தான். ஜன்னல் இல்லாத அறை அது. பரணைப் பார்த்து அவன் கையைத் தூக்கியதும் அவள் வெளியே இருந்த விளக்குச் சுவிட்சை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது.

"ஏய், என்ன விளையாட்டு இது?" என்றான் உள்ளிருந்து.

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். முதலில் அதட்டினான். பிறகு கெட்ட வார்த்தை. பிறகு உதைத்தான். ஒவ்வொரு உதையும் அவள் முதுகெலும்பில் இறங்கியது. மூன்று வருஷமாகக் கற்பனையில் கேட்ட சத்தம். இனித்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு இனித்தது.

அப்புறம் அவன் குரல் மாறியது. "திற... மூச்சு முட்டுது... அம்மா..."

அது அவளுடைய குரல். அதே இடத்தில் உடைகிற, அதே வார்த்தை. பழைய சாக்கு நாற்றம் அவள் மூக்கில் ஏறியது. பாதத்தை ஊன்றினாள். "நாற்காலி. செருப்பு. அண்ணியோட கொலுசு" என்றாள் சத்தமாக. தாழ்ப்பாளை நோக்கி ஓடிவந்த மாமியாரை அண்ணி குறுக்கே நின்று தடுத்தாள்.

"நீங்க உக்காருங்கம்மா. டிவி வேணா போடட்டுமா?"

"பாவி, என் புள்ள செத்துருவான்டி."

"ரூம்ல விட்டுக் கதவச் சாத்திருக்கேன், அவ்வளவுதான். கழுத்தயா அறுத்துட்டேன்?" என்றாள் அவள்.

மாமனாரின் கண்ணாடி கீழே விழுந்தது. "மனுஷன உள்ள போட்டுப் பூட்டுறதா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களாப்பா? இந்த வார்த்தைய நீங்க எனக்காக ஒருநாள் கேப்பீங்கன்னு இருந்தேன்."

அப்பா மறுபடியும் தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. புதுச் சட்டை தொப்பலாக நனைந்து, வெளிறிய முகத்தோடு வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினான்.

"போலீசுக்குப் போறேன்" என்றாள் மாமியார்.

"நானும் வர்றேன் அத்தை. ரெண்டு கதையும் ஒண்ணா எழுதிக் குடுத்துருவோம்."

மாமியார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் செய்தி தெருவெல்லாம் பரவியது. பாவம், நல்ல பையன், என்ன பாடு பட்டானோ என்றார்கள். அவனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். உறவுக்காரர்கள் வரிசையாகப் போய் விசாரித்து வந்தார்கள். நகமில்லாத விரல்களை விசாரிக்க அன்றைக்கு ஒருவரும் வந்ததில்லை. வாரம் திரும்புவதற்குள் அவர்களே வக்கீலைப் பிடித்து விவாகரத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். மூன்று வருஷமாகத் தடுத்த அப்பாவும், "இனிமே வேற வழி இல்ல" என்று முன்னால் நடந்தார்.

வக்கீல் அறையின் கதவு திறந்தே இருந்தது, அவள் கேட்டுக்கொண்டபடி. அவன் மூலை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆளை அடைச்சு வைக்கிறவங்களோட ஒரே வீட்ல வாழ முடியாதுன்னு அவங்க தரப்புல சொல்றாங்க. இதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்காம்மா?" என்றார் வக்கீல்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இல்ல சார். ரொம்ப நியாயமா சொல்லிருக்காங்க."