நான் ஏற்றிய பெட்டிகள்

இடுப்பில் ஆணி இறக்கியது போல வலித்தது. அன்று மட்டும் கிடங்கின் முன்வாசலில் நானூறு மின்விசிறிப் பெட்டிகளை லாரியில் ஏற்றியிருந்தேன். வலியிலும் ஒரு சந்தோஷம். அந்த மின்விசிறிக் கம்பெனியின் பங்குகளைத்தான் வாங்கி வைத்திருந்தேன்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று கைபேசியில் ஆளாளுக்கு வகுப்பு எடுத்தார்கள். எனக்கெதற்கு வகுப்பு? எந்தச் சரக்கு ஓடுகிறது என்று என் முதுகுக்குத் தெரியாதா? கையிலிருந்த பத்தாயிரத்தைப் போட்டேன். ஒரே மாதத்தில் ஆயிரம் ஏறியது.

"மொதலாளி வர்றாரு, வழி விடுங்கடா!" என்பான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "உங்க கம்பெனிப் பெட்டிய நீங்களே தூக்குனா எங்க பொழப்பு என்னாகறது?"

அக்கா ஆஸ்பத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். நின்று நின்று முழங்கால் போய்விட்டது. ஆபரேஷனுக்கு அறுபதாயிரம் சேர்த்திருந்தாள்.

"மூணு மாசத்துக்குக் குடுக்கா. பங்குல போட்டா ரெண்டு முட்டியும் சேத்தே பண்ணிக்கலாம்."

"பணம் போயிடாதில்லடா?"

"தெனமும் நான்தானே ஏத்துறேன். கண்ணால பாக்குறேன்க்கா."

கொடுத்தாள்.

பின்வாசலில் சரக்கு இறக்குவது வேறு கூட்டம். ஆள் குறைந்த ஒரு நாள் மேஸ்திரி என்னை அங்கே அனுப்பினார். லாரிக் கதவைத் திறந்தால் மின்விசிறிப் பெட்டிகள். எங்களுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எண்ணிக்கை தவறாமலிருக்க ஒவ்வொரு பத்தாவது பெட்டியிலும் சாக்பீஸால் ஒரு வட்டமும் கோடும் போடுவேன். எதிரே இருந்த பெட்டியில் என் வட்டம். என் கோடு.

"இது நான் ஏத்தி அனுப்புனதாச்சே?"

குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு மாசக் கணக்கு முடியறப்ப விக்காத சரக்கக் கம்பெனிக்காரங்க கடைக்காரங்க தலையில கட்டுவாங்க. வித்ததா காட்டணும்ல? அப்புறம் திரும்பி வந்துரும். பின்வாசல்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானய்யா."

கழிப்பறைக்குள் ஓடி, கைபேசியில் பங்குகள் எல்லாவற்றையும் விற்கப் போட்டேன். விஷயம் எனக்கு முன்பே வெளியே போயிருந்தது. வாங்க ஆளில்லை. விலை தினமும் சரிந்தது. மூன்று வாரம் கழித்து விற்றபோது, போட்ட எழுபதாயிரத்தில் கைக்கு வந்தது பதினாலாயிரம். அதை அப்படியே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கண்ணால பாத்தேன்னியேடா."

"முன்வாசல்லதான்க்கா பாத்தேன்."

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்த பெட்டிகளை மறுநாள் வேறு ஊர் லாரியில் நானே ஏற்றினேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறாயிரம் பாக்கி.