கோர்டெல் கேட்டானா?

1.
இந்தக் கதை எங்கள் சமையலறை மேஜையில் கிடைத்தது. அக்கா வெர்னிட்டா சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே பேராசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை எழுப்புவார். எழுந்தவர் அன்றைய வழக்கைச் சொல்லி, அவர் காட்டும் தரப்புக்காக வாதாட வேண்டும். வீட்டு ஒத்திகையில் நான்தான் பேராசிரியர். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அக்கா முன்னால் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மிசிசிப்பியில் ஒரு புழுக்கமான மாலை, குற்றமே செய்யாத ஒரு—

அடித்துவிட்டேன். செய்யாதவன் என்றால் நீங்கள் உடனே அவன் பக்கம் சாய்வீர்கள். செய்தவனுக்கும் உரிமை உண்டு என்கிறது அக்காவின் புத்தகம்.

2.
கோர்டெல் என் அண்ணன். பெட்ரோல் பங்குக் கொள்ளைக்காகப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை அறையில் அவன் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது:

“வக்கீல் யாராவது இருந்தா நல்லா இருக்குமோன்னு தோணுது சார். உங்களுக்குச் சிரமம் இல்லன்னா.”

“இருக்கட்டும்பா. முதல்ல நடந்ததைச் சொல்லு,” என்கிறார் போலீஸ் அதிகாரி.

சொன்னான். இப்போது சிறையில் இருக்கிறான். வக்கீல் வேண்டும் என்று கேட்டுவிட்டால் போலீஸ் அதற்கு மேல் விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவன் கேட்டது தெளிவாக இல்லை, அதனால் போலீஸ் விசாரணையை நிறுத்த வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

(அந்த அதிகாரியைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பதிவில் அவர் குரல் கனிவாகத்தான் இருக்கிறது. அது கதைக்குப் பெரிய இடைஞ்சல்.)

3.
நாளைய பாடத்தில் வேறு யாரோ ஒருவரின் வழக்கு. கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன அதே வாக்கியம்.

“மிஸ் ஹார்வெல், எழுந்திருங்க. அரசுத் தரப்பு,” என்று அக்காவை எழுப்பினேன்.

“ஏய், எங்க ப்ரொஃபசர் இப்படி மென்னு முழுங்க மாட்டார். அதட்டுடி.”

அதட்டினேன்.

“சந்தேக நபர் வக்கீல் கேக்கல. கேக்கலாமான்னு யோசிச்சார், அவ்வளவுதான். ஆகவே...” அக்கா பாதியில் நிறுத்திவிட்டாள்.

அடுப்பில் கீரை கிளறிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். “பின்ன எப்படிடி கேக்கணும்?”

“எனக்கு வக்கீல் வேணும். அவ்வளவுதாம்மா. ‘சார்’னுகூடச் சொல்ல வேணாம்.”

“போலீஸ்காரர்கிட்டயா? எம்புள்ள அப்படிப் பேசியிருந்தா நானே பல்லைப் பேத்திருப்பேன்!”

மூவரும் சிரித்தோம். அம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

கையை வெளியே தெரியும்படி வை, சார் போடு, எதையும் வேணும் என்று கேட்காதே. எங்களைப் போன்ற கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் கார் ஓட்டக் கற்குமுன் கற்பது இதைத்தான். சாலையில் போலீஸ் மறித்தபோதெல்லாம் அண்ணனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியதும் இதுதான்.

“நான்தானே சொல்லிக் குடுத்தேன்,” என்றாள் அம்மா.

இங்கே அம்மாவைத் தேற்ற அக்கா சொல்வதாக ஒரு வரி எழுதப் பார்த்தேன். “இல்லம்மா, நீ—”

வரவில்லை.

4.
முடிவுகள் சில வைத்திருக்கிறேன். நாளை அக்காவை எழுப்பாமலே வகுப்பு முடிந்துவிடலாம். அவள் அரசுத் தரப்பை அருமையாகப் பேசிவிட்டு, கழிப்பறையில் போய் அழலாம். அல்லது, மாட்டேன் என்று உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்துவிட்டால், அண்ணனுக்காக ஒருநாள் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கப் போவது யார்?

எதையும் முடிக்கக் கை வரவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி மெல்லச் சொல்லிப் பழகுகிறாள். “எனக்கு வக்கீல் வேணும்.” ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு “சார்” வந்து ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் எழுந்திருங்கள். இரண்டாம் பகுதியில் அண்ணன் சொன்னதை இன்னொரு முறை வாசியுங்கள். உங்களுக்கு எந்தத் தரப்பும் தரப்போவதில்லை. அவன் கேட்டானா, இல்லையா?

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.