கிணற்றுக்குக் கிடைத்த கப்பல் முத்திரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் கடல் கிடையாது. அப்படியும் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் வைகாசி மாசத்தில் ஒரு கப்பலின் தலையெழுத்து பட்டறை முதலாளி மணவாளனின் தகரக் கொட்டகையில் வந்து மாட்டிக்கொண்டது.

துறைமுகத்தில் நின்ற அந்தக் கப்பல், ஆசிட் போன்ற விஷத் திரவங்களைப் பீப்பாயில் அல்ல, தொட்டி தொட்டியாக மொத்தமாக ஏற்றிப் போவது. அதற்கென்று ஒரு சான்றிதழ் உண்டு. சரக்கை இறக்கிய பிறகு தொட்டியின் அடியில் நிற்கும் மிச்சம் இத்தனை வாளிக்கு மேல் போகக் கூடாது. போனால், கழுவி விடும்போது கடல் கெட்டுவிடும், மீன் செத்துவிடும். அதற்காகப் பல தேசத்துப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசிச் சட்டம் போட்டிருந்தார்கள். மீன் கொடுத்து வைத்தது.

மிச்சத்தை உறிஞ்சும் பம்பு பழுதாகி லாரியில் வந்து இறங்கியது. அதைப் பிரித்து மாட்டியவன் பூங்காவனம், அந்தக் கொட்டகையில் பதினெட்டு வருஷ ஃபிட்டர். சோதனையைக் கப்பலில் ஏறி, தொட்டிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டியவர் சர்வேயர் கலியமூர்த்தி. ஆனால் துறைமுகத்தில் வெயில் அதிகம், அவர் வீடோ அண்ணா நகர் மேற்கில். கொட்டகையிலேயே ஒரு தொட்டி செய்து, தண்ணீர் நிரப்பி, பம்பால் உறிஞ்சிக் காட்டினால் போதும் என்று பெரிய மனசு பண்ணிவிட்டார்.

பூங்காவனத்தின் கவலை வேறு. வெல்டிங் கறை போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் கால்வாயில் போகும். கால்வாயை ஒட்டித்தான் அவன் வீடு, வீட்டில் கிணறு. மூன்று வருஷமாகக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சள். அவன் பெண்டாட்டி நாகம்மாள் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு தினம் பக்கத்து ஊர் பாடி வரைக்கும் நடந்தாள். தெருவுக்குத் தண்ணீர் லாரி கேட்டு அவன் முனிசிபல் ஆபீசில் நின்றபோது குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் கெட்டது என்று எழுதிக் கொடுத்தவர் யார், காகிதம் எங்கே என்றார். மணவாளனிடம் சொன்னால், அது இரும்புச் சத்து, உடம்புக்கு நல்லது என்பார். மூன்று வருஷமாக எல்லார் முன்னாலும் இதே பாட்டு.

அந்தப் பாட்டே அவர் காலை வாரியது. சோதனை நாளன்று கொட்டகைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. சர்வேயர் வரும் நேரம். பூங்காவனத்தின் கிணற்றிலிருந்து இழுக்கச் சொன்னார் மணவாளன். அந்தத் தண்ணியா என்று அவன் தயங்கினான். பதினாறு தொழிலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன், அதுக்கு இன்னா கேடு? நல்ல தண்ணிதானே" என்றார் மணவாளன்.

பூங்காவனம் தானே ஹோஸ் போட்டுத் தொட்டியை நிரப்பினான்.

பம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. முக்கால் வாளிதான் மிச்சம். கலியமூர்த்தி குனிந்தார், முகர்ந்தார், மூக்கைச் சுளித்தார். பையிலிருந்து ஆசிட் பார்க்கும் துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து மிச்சத்தில் நனைத்தார். செம்பருத்தியாகச் சிவந்தது.

"தொட்டியில பழைய சரக்கு இருக்கு. கழுவாம டெஸ்ட் வெச்சிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட முடியாது."

நேற்றுச் சாயந்தரம் வெல்டிங் முடிந்த புதுத் தொட்டி என்று மணவாளன் சத்தியம் பண்ணினார்.

"சரக்கு இல்ல சார், எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி" என்றான் பூங்காவனம். "போன வருசம் வரைக்கும் எம்பொண்டாட்டி அதுலதான் அரிசி கழுவிகினு இருந்தா."

சர்வேயர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். கிணறு தன் சட்டத்தில் வராது, நாளைக்கு நல்ல தண்ணீர் வைத்துக் காட்டுங்கள் என்று பையை மூடினார்.

பூங்காவனம் அவசரப்படாமல் பம்பைக் கழற்றினான். உள்ளேயிருந்த, கசிவை அடைக்கும் சீல் வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாவிட்டால் பம்பு வெறும் இரும்பு. அதைப் பிசகாமல் உட்கார்த்தத் தெரிந்த கை அந்த எஸ்டேட்டில் ஒன்றுதான். இன்றைக்குப் பார்த்ததை சர்வேயர் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு மாட்டுவதாகச் சொன்னான்.

இந்த நிமிஷமே வேலையை விட்டுத் துரத்துவேன் என்று மணவாளன் குதித்தார்.

"தொரத்து மொதலாளி. மிச்சத்த நீயே ஸ்ட்ரா போட்டு உறிஞ்சி வுடு."

யாரோ சிரித்தார்கள். கப்பலின் பழைய சான்றிதழ் நாளை மறுநாளோடு காலாவதி. அது இல்லாமல் கப்பல் ஒரு சொட்டு ஏற்ற முடியாது. மணவாளனின் தலை தானாகத் தொங்கியது. தான் கப்பலில் ஏறாத கதை வெளியே வருமே என்று கலியமூர்த்தியும் பையைத் திறந்தார்.

அவரிடம் இருந்தது கப்பலுக்கான படிவம் ஒன்றுதான். அதை நிரப்பாமல் முத்திரை குத்த அவர் கைக்கு வராது. கப்பல் பெயர் கேட்டார். நாகம்மாள் என்றான். தொட்டி ஆழம் கேட்டார். கிணற்றுக் கணக்கில் இருபத்தெட்டு அடி என்றான். எந்த நாட்டுக் கொடி என்றார் பழக்கதோஷத்தில். அம்பத்தூர் என்று போடச் சொன்னான். கீழே இங்கிலீஷில் எழுதினார்: தீங்கு விளைவிக்கும் திரவம், கடலில் விடத் தகுதியற்றது. வட்ட முத்திரை விழுந்தது.

மறுநாள் பம்பு தேறியது. கப்பல் சான்றிதழோடு கிளம்பிப் போனது.

ஆபீஸ் குமாஸ்தா இங்கிலீஷையும் முத்திரையையும் பார்த்து முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். நாலாம் நாள் தெருவுக்கு லாரி வந்தது. டிரைவர் கையில் இருந்த உத்தரவில், நாகம்மாள் என்ற கப்பலுக்குத் தினம் ஒரு லாரி குடிநீர் என்று இருந்தது. கால்வாயை நிறுத்த அதில் ஒரு வரியும் இல்லை. ஆசிட் தன் பாட்டுக்கு ஓடியது.

லாரி வரிசையில் பெண்கள் கேலி பண்ணிக் கொன்றார்கள். நாகம்மாள் குடத்தை இறக்கி வைத்துப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏன்யா, நம்ம கப்பலு எப்பதான் கெளம்பும்?"

"கெளம்பக் கூடாதுமே" என்றான் பூங்காவனம். "கடலு கெட்டுப் பூடுமாம்."